அஞ்சு கோடு போட்ட புத்தகம்

பிள்ளையள், கிற்றாரை எப்பிடிப் பிடிக்கிறது, வகுப்பை எப்பிடித் துவங்குறது எண்டு சொல்லித்தர நான் இஞ்ச வரேல்லை. அதெல்லாம் நீங்கள் யூனிவர்சிற்றியில படிச்சு, சோதினை எழுதி, பட்டம் வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறியள். என்னை ஆரும் படிப்பிக்கேல்லை. நானாத் தட்டினன், நானாக் கேட்டன், நானாப் பிழை விட்டன். பிறகு மற்றவைக்குச் சொல்லிக்குடுத்தன், புத்தகமும் போட்டன். இப்ப ஓய்வெடுத்துச் செவன் கிங்ஸில வீட்டோட இருக்கிறன். புது ரீச்சர்மாருக்கு நாலு கதை சொல்லுங்கோ எண்டு கூப்பிட்டது நீங்கள். பிறகு மனுசன் நிப்பாட்டுறானில்லை எண்டு மணிக்கூட்டைப் பாக்கக் கூடாது, இப்பவே சொல்லிப்போட்டன்.

நாலு கதை இல்லை, ஒரு கதைதான். அதுவும் ஆறுதலாத்தான் வரும். நான் கொஞ்சம் கனவு காணுற ஆள். ஈஸ்ட் ஹாமில ரெயின் ஏறினா சில்லுச் சத்தத்துக்குள்ள இருந்து ஒரு மெட்டு வரும். அதுக்குப் பின்னால போய், பார்க்கிங் எண்ட ஸ்ரேஷனில இறங்கவேண்டிய நான் கடைசி ஸ்ரேஷன் அப்மின்ஸ்டர் மட்டும் போய்த் திரும்பி வந்திருக்கிறன். என்ர மனிசி இதைக் கனவெண்டு சொல்லமாட்டா, வேற சொல்லு வைச்சிருக்கிறா. அதை இஞ்ச சொல்ல ஏலாது.

நான் கிற்றார் பழகினது யாழ்ப்பாணத்தில, பொருளாதாரத் தடைக் காலத்தில. சவர்க்காரமே கிடையாது, கிற்றார்க் கம்பிக்கு எங்க போறது? ஒரு சேர்ச்சின்ர பின்னறையில கிடந்த கிற்றாரைத் தந்தவை. எல்லாத்துக்கும் மேல வாற தடிச்ச மொத்தக் கம்பி, ஆறாவது கம்பி, அதில இல்லை. முறுக்காணி மட்டும் சும்மா நிண்டுது. இருக்கிற அஞ்சு கம்பியில வாசிச்சுப் பழகினன். ஆனா அடியில ஒரு கனத்த சத்தம் வேணும் எண்டு காது கேட்டுக்கொண்டே இருந்துது. அதுக்கு நான் என்ன செய்தன் தெரியுமோ? அந்த இடம் வரேக்க வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ள "ம்" எண்டு இழுப்பன். கம்பிக்குப் பதிலா நான். காலம் போக அதுவே பழக்கமாப் போச்சு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் எண்டு சும்மாவோ சொன்னவை?

லண்டனுக்கு வந்து பெற்றோல் செற்றில நிண்டு உழைச்சு முதல்முதலா ஒரு புதுக் கிற்றார் வாங்கினன். அதில ஆறு கம்பியும் இருந்துது. பெருவிரலை வைச்சா எல்லாம் ஒரு கம்பி தள்ளி விழுந்துது. பார்த்தன், அந்த மொத்தக் கம்பியைக் கழட்டி மேசை லாச்சிக்குள்ள போட்டிட்டு நிம்மதியா வாசிச்சன். அதோடயே ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில ஒரு சாரிக்கடைக்கு மேல அறை எடுத்து வகுப்பும் துவங்கினன். ஆரும் கேள்வி கேக்கேல்லை. என்னெண்டு கேக்கிறது? அவைக்கும் தெரியாது.

பிறகு தமிழில தானாப் பழகுறதுக்கு ஒரு புத்தகம் போடுவம் எண்டு ஆசை வந்துது. கிற்றாருக்கு எழுதுறதெண்டா கம்பி ஒண்டுக்கு ஒரு கோடு, ஆறு கோடு போடவேணும். நான் என்ர கிற்றாரைப் பார்த்து அஞ்சு கோடு போட்டன். கோட்டுக்குக் கீழ, தேவையான இடமெல்லாம் "ம்" எண்டு எழுதி, இவ்விடத்தில் வாய்மூடி ஒலிக்கவும் எண்டு குறிப்பும் குடுத்தன். வால்தம்ஸ்டோவில அச்சடிச்ச மனுசன் பார்த்தான், ஒண்டும் சொல்லேல்லை. பிழை திருத்தின வாத்தியார் பார்த்தார், அவரும் ஒண்டும் சொல்லேல்லை. ஏனெண்டா வெள்ளைக்காரன்ர சங்கீதத்தைப் பொதுவா எழுதுறது அஞ்சு கோட்டில. எல்லாரும் அதுதான் இது எண்டு நினைச்சுப்போட்டினம். இப்பிடி ஒரு பிழை விடுறதுக்கு என்னை மாதிரி ஒருத்தனும், என்னை நம்புற நாலு பேரும் ஒண்டாச் சேரவேணும். சேர்ந்தம்.

புத்தகம் போச்சுது பாருங்கோ, பாரிஸ், சூரிச், டோர்ட்மண்ட் எண்டு எல்லா இடமும். தமிழ்க் கடையளில மிளகாய்த்தூள் பக்கற்றுக்குப் பக்கத்தில வைச்சு வித்தவை. பிறகு ஒருநாள் பாரிஸில இருந்து ஒருத்தர் ரெலிபோன் எடுத்தார். "ஐயா, நான் வாங்கின கிற்றாரில ஒரு கம்பி கூடவாக் கிடக்கு. கடைக்காரன் என்னை ஏமாத்திப்போட்டானோ?" எண்டு கேட்டார். அப்பதான் எனக்கு வெளிச்சுது. ரெண்டாம் பதிப்பில ஆறு கோடு போட்டு, அந்த "ம்" எல்லாத்தையும் எடுத்திட்டன். நானும் இருந்து ஆறு கம்பியில பழகினன். கஷ்டப்பட்டுத்தான். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சம், சிரிப்போட முடிஞ்சுதெண்டு நினைச்சன்.

முடியேல்லை. கனகாலத்துக்குப் பிறகு, நான் இந்த வேலையை விடுறதுக்கு ஒரு நாலைஞ்சு வருசம் முந்தி, கலா வந்தா.

நல்ல மழை. பின்னேரம் எண்டாலும் யன்னலுக்கு வெளியால எல்லாம் சாம்பல் நிறம், கடை லைற்றுகள் மட்டும் தண்ணிக்குள்ள ஆடிக்கொண்டு நிண்டுது. படியில ஆரோ ஏறி வாற சத்தம். வந்து நிண்டது ஒரு மனிசி, அம்பது வயது கிட்ட இருக்கும். ஆஸ்பத்திரியில துணி தோய்க்கிற பகுதியில வேலை செய்யிறவை போடுற நீல உடுப்பு, அதுக்கு மேல நனைஞ்ச கோட், முதுகில கிற்றார்.

"அண்ணை, நான் கலா. ஜெர்மனியில இருந்து வந்து வால்தம்ஸ்டோவில அண்ணா வீட்டில இருக்கிறன். அங்க செய்த தோய்க்கிற வேலைதான் இஞ்சயும். உங்கட புத்தகத்தில பழகினனான். ஒருக்காக் கேட்டுப் பாப்பீங்களோ?"

"இருங்கோ தங்கச்சி, முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ" எண்டன்.

"இல்லை அண்ணை, ஆறி இருந்தா துணிவு போயிடும். முதல் வாசிக்கிறன்."

வாசிச்சா. என்ர புத்தகத்தின்ர கடைசிப் பாடம், நானே போட்ட ஒரு மெட்டு. ஆனா நான் போட்ட மாதிரி இல்லை. அவ்வளவு ஆறுதலா, ஒவ்வொரு சத்தமும் போய் முடிஞ்சு அடங்கினாப் பிறகுதான் மற்றதைத் தொட்டா. நான் கண்ணை மூடினன். அடியில ஏதோ ஒரு கனத்த சத்தம் வந்துது. கீழ றோட்டில பஸ் ஒண்டு நிண்டு உறுமுதெண்டு நினைச்சன். பஸ் போயிட்டுது, அந்தச் சத்தம் போகேல்லை. கண்ணைத் திறந்தன். அவதான். வாய் மூடியிருக்கு, தொண்டைக்குள்ள இருந்து அந்த "ம்" வருகுது. அறை முழுக்க அதுதான். எனக்கு நான் எங்க இருக்கிறன் எண்டே கொஞ்ச நேரம் தெரியேல்லை. யாழ்ப்பாணமோ, லண்டனோ, ரெண்டுக்கும் நடுவில எங்கேயோ.

முடிஞ்சாப் பிறகுதான் கிற்றாரைப் பார்த்தன். அஞ்சு கம்பி.

"தங்கச்சி, மற்றக் கம்பி எங்க?"

"புத்தகத்தில அஞ்சு தானே அண்ணை. கூடவா இருந்ததைக் கழட்டிட்டன். ஒவ்வொரு தரமும் கம்பி வாங்க ஒண்டு மிஞ்சும். எறிய மனம் வராது, பிஸ்கற் ரின்னுக்குள்ள போட்டு வைச்சிருக்கிறன். ரெண்டாம் பாகத்தில அது வரும் எண்டு நினைச்சன்."

நான் சிரிச்சன். பிறகு அவவின்ர முகத்தைப் பார்த்தன், சிரிக்க ஏலாமப் போச்சு. இந்த மனிசி அங்க ஒரு நகரத்தில, சுத்திவர விளங்காத பாஷைக்குள்ள, துணி தோய்ச்சுப்போட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, நான் போட்ட அஞ்சு கோட்டை நம்பி இத்தினை வருசம் இருந்திருக்கிறா. விசயத்தைச் சொன்னன். ஒளிச்சுப் பிரயோசனம் இல்லை. அவ கிற்றாரைத் திருப்பிப் பார்த்தா.

"அப்ப நான் இவ்வளவு நாளும் வாசிச்சது கிற்றார் இல்லையோ அண்ணை?" எண்டு கேட்டா.

பிள்ளையள், உங்களிட்ட ஒரு மாணவி இப்பிடிக் கேட்டா என்ன சொல்லுவியள்? நான் தேத்தண்ணி ஊத்தினன்.

தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கேக்கதான் அவ வந்த காரியத்தைச் சொன்னா. ஊரில ஆசிரியர் கலாசாலைக்குத் தெரிவாகினவவாம். போய்ச் சேரவேண்டிய கிழமைதான் குடும்பத்தோட நாட்டை விட்டு வெளிக்கிட்டது. அதுக்குப் பிறகு ஜெர்மனி, தோய்க்கிற மெஷின், ஷிப்ட், கலியாணம், பிள்ளையள், அவையள் வளர்ந்து போனது எல்லாம் நடந்துது. அது மட்டும் நடக்கேல்லை. "அண்ணை, எனக்குக் கச்சேரி ஒண்டும் வேண்டாம். ஒருக்காலெண்டாலும் ஒரு வகுப்புக்கு முன்னால ரீச்சரா நிக்கவேணும். ஒரே ஒரு ஆசை."

அந்த நேரம் வால்தம்ஸ்டோவில ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தால எங்கட கிற்றார்ப் பள்ளியிட்ட ஒரு ரீச்சர் கேட்டுக்கொண்டிருந்தவை. உங்களுக்குத் தெரியும், சனிக்கிழமை காலமை பிள்ளையளைத் தமிழ் வகுப்பில விட்டிட்டு, அம்மாமார் காருக்குள்ளயும் ஹோலுக்குள்ளயும் குந்தி போனைப் பாத்துக்கொண்டிருப்பினம். அந்த நேரத்தில அவைக்கு ஒரு கிற்றார் வகுப்பு வைச்சா என்ன எண்டு கொமிற்றி யோசிச்சிருக்கு. எங்களிட்ட ஆள் இல்லை. நான் கலாவின்ர பேரைக் குடுத்தன். அவையள், அவ ஒருநாள் வந்து வாசிச்சுக் காட்டட்டும், பார்த்துப்போட்டுச் சொல்லுறம் எண்டிச்சினம்.

அப்ப எங்களோட நிரோஜா எண்டொரு ரீச்சர் இருந்தா. எங்கட இடத்துக்கு முதல்முதல் பட்டத்தோட வந்தவ, கெட்டிக்காரி. அவ சொன்னா, "அண்ணை, அஞ்சு கம்பியோட கூட்டிக்கொண்டு போனா முதல் கேள்வி அதிலதான் வரும். ஆறைப் போடச் சொல்லுங்கோ." அதில பிழை ஒண்டும் இல்லை. நானும் அதைத்தான் நினைச்சன். கொமிற்றி வாங்கப்போறது என்ர ரெண்டாம் பதிப்பு. ரீச்சர் அஞ்சோட வந்தா புத்தகமும் நாறும், அவவும் நாறுவா.

கலா போட்டா. சொன்னதை அப்பிடியே செய்யிற மனிசி. வேலை முடிஞ்சு படியேறி வருவா, இருந்து பழகுவா. ஆனா கம்பி கூடக் கூட பாட்டுக் குறைஞ்சுகொண்டு போச்சு. எங்க பிழை எண்டு எனக்குப் பிடிபடேல்லை. விரல் கொஞ்சம் கொஞ்சமாச் சரிவந்துது, தாளம் சரி, ஆனா அண்டைக்கு மழைக்குள்ள கேட்டது இல்லை. நான் ரெயினுக்குள்ள கண்ணை மூடி அதைத் தேடுவன். அண்டைக்கு வந்த சத்தம் அப்பிடியே காதுக்குள்ள வரும், பிடிக்கப் போக மறைஞ்சிடும். எத்தினை தரம் இறங்கவேண்டிய இடத்தை விட்டனெண்டு கேக்காதேங்கோ.

அவவின்ர அண்ணி வேற. "அஞ்சில வளையாததே அம்பதில வளையப்போகுது? உந்த வயசில கிற்றாரோ? பேசாம ஓவர்ரைம் செய்" எண்டு சாப்பாட்டு மேசையில சொல்லுவாவாம். கலா அதைச் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னா. ஆனா சொன்னது ரெண்டு மூண்டு தரம்.

அந்தச் சனிக்கிழமை வந்துது. வால்தம்ஸ்டோவில பழைய ஹோல், உயரமான யன்னல். மேகத்துக்குள்ளால வெயில் வந்து தரையில படுத்து, எழும்பிப் போய், திரும்ப வந்து படுத்துக்கொண்டிருந்துது. பக்கத்து அறையில பிள்ளையள் ஆத்திசூடி சொல்லுற சத்தம். பிளாஸ்ரிக் கதிரையில அம்மாமார், குளிருக்குக் கோட்டும் கழட்டேல்லை, ஒரு இருபது பேர் இருக்கும். முன் வரிசையில கொமிற்றி. அதுக்குத் தலைவி மதுரைப் பக்கத்து டொக்டர், சுமதி எண்டு பேர். நேர்மையான ஆள், ஆனா சிரிக்கிறது குறைவு. பக்கத்தில எங்கட யாழ்ப்பாண ஆள் ஒருத்தர், கொமிற்றிக்காரர், கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நானும் நிரோஜாவும் பக்கத்துச் சுவரோட.

கலா சாரி உடுத்திருந்தா. போய்க் கதிரையில இருந்தா, வணக்கம் சொன்னா, துவங்கினா.

பெருவிரல் போய் விழுந்தது பிழையான கம்பியில. திரும்பத் துவங்கினா. திரும்பவும் ஒரு கம்பி தள்ளி. பதட்டம் வந்தா கை பழைய வீட்டுக்குத்தான் போகும், புது விலாசம் அதுக்குத் தெரியாது. மூண்டாம் தரம் பாதி மட்டும் போனா, அங்க ஒரு கனத்த சத்தம் "டங்" எண்டு வேண்டாத இடத்தில விழுந்துது. கையை எடுத்திட்டா.

அந்த நேரம்தான் எனக்கு விளங்கிச்சுது. "ம்" இல்லை. ஆறாவது கம்பி வந்தாப் பிறகு அவ வாயால அந்தச் சத்தத்தைப் போடுறேல்லை. ஏன் போடுறது, கம்பி இருக்குத்தானே. அவவின்ர பாட்டின்ர உயிர் அதுக்குள்ளதான் இருந்துது. நான் இத்தினை நாளும் முன்னால இருந்து பார்த்துக்கொண்டிருந்தும் எனக்குத் தெரியேல்லை. ஐயோ கடவுளே எண்டு வந்துது எனக்கு.

நிரோஜா முழங்கையால இடிச்சா. "அண்ணை, எழும்பிப் போங்கோ. ஏதாவது சொல்லுங்கோ. நீங்கள் ஒண்டை வாசியுங்கோ, அவ ஆறட்டும்."

இதைச் சொல்லத்தான் பிள்ளையள் நான் வந்தது, கேளுங்கோ. என்ர வாயில வார்த்தை இருந்துது. எழும்பி, "இவ அஞ்சு கம்பியில பழகினவ, பிழை என்ர புத்தகத்தில" எண்டு சொன்னா எல்லாரும் விளங்கிக்கொண்டிருப்பினம், இரக்கப்பட்டிருப்பினம், கையும் தட்டியிருப்பினம். ஆனா நான் எழும்பினா அந்தக் கதிரையில இருக்கிறது ரீச்சர் இல்லை, என்ர மாணவி. ஒரு தரம் அப்பிடிப் பார்த்த கண் பிறகு வேற மாதிரிப் பாக்காது. அவ வந்தது கிற்றார் வாசிக்க இல்லை, ரீச்சரா நிக்க. அதுக்குள்ள நான் போகக் கூடாது. ஆனா அவ அதோட எழும்பி வீட்ட போயிட்டாவெண்டா? இனி கிற்றாரைத் தொடாமலே விட்டிட்டாவெண்டா? அந்தப் பாரமும் என்ர தலையிலதான்.

நான் இருந்தன். கதிரையைக் கையால பிடிச்சுக்கொண்டு இருந்தன். வெயில் தரையில வந்து படுத்துது, எழும்பிப் போச்சு. பக்கத்து அறையில பிள்ளையள் அதே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தினம். நான் சொல்லுறன், என்ர வாழ்க்கையில நான் செய்த கஷ்டமான வேலை அதுதான், சும்மா இருந்தது.

கொமிற்றிக்காரர் பக்கத்தில இருந்தவருக்குக் குசுகுசுத்தார். அவற்ற குசுகுசுப்பு எல்லாருக்கும் கேக்கும். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்."

கலா நிமிர்ந்து பார்த்தா.

"ஓம் ஐயா, கூடம் கோணல்தான்" எண்டா. "கொஞ்சம் பொறுங்கோ, நிமித்திப்போட்டு வாறன்."

பின்னுக்கு ஆரோ ஒரு அம்மா பக்கெண்டு சிரிச்சா. கலா முறுக்காணியைப் பிடிச்சு, அந்த ஆறாவது கம்பியை எல்லாருக்கும் முன்னால கழட்டத் துவங்கினா. கிர், கிர் எண்டு ஆறுதலாச் சுத்தினா. அவசரமே இல்லை. கம்பி தொய்ஞ்சு, ஒருக்காக் கனமா முனகிப்போட்டுக் கழண்டுது. அதைச் சுருட்டித் தரையில வைச்சா.

"என்னட்ட இப்ப ஒரு கம்பி குறையுது" எண்டு அம்மாமாரைப் பார்த்துச் சொன்னா. "அதை நீங்கள்தான் தரவேணும். வாயை மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ள, இப்பிடி. ம். பயப்பிடாதேங்கோ, பாட்டு இல்லை. சமைக்கேக்க பிள்ளை ஏதும் கேட்டா ம் எண்டு சொல்லுறியள்தானே, அதுதான். கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கோ."

அவையள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தினம். முதல் ஒருத்தி துவங்கினா, வெக்கத்தோட. பிறகு பக்கத்தில இருந்தவ. பிறகு அந்த வரிசை. கலா கையைக் கம்பியில வைச்சா.

அதை உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை. இருபது மனிசியளின்ர தொண்டைக்குள்ள இருந்து ஒரு "ம்". அதுக்கு மேல அஞ்சு கம்பி நடந்துகொண்டு போகுது. ஹோல் முழுக்க ஏதோ நித்திரையில இருந்து எழும்பின மாதிரி. கதிரை, யன்னல், என்ர நெஞ்செலும்பு எல்லாம் அதிருது. நான் போட்ட மெட்டுத்தான், ஆனா அது என்ரயில்லை இப்ப. டொக்டரைப் பார்த்தன். நேரா இருந்தா, முகத்தில ஒரு மாற்றமும் இல்லை. ஆனா தொண்டை அசைஞ்சுது. நான் அழுதிட்டன். வெக்கமென்ன, அழுதிட்டன். நிரோஜா ரிஸ்யூ தேடிக்கொண்டிருந்தா, அது எனக்கு இல்லை, தனக்கு.

முடிஞ்சுது. கை தட்டினவை. டொக்டர் தட்டிப்போட்டு, கையை மடியில வைச்சுக்கொண்டு கேட்டா.

"ரொம்ப நல்லா இருந்துச்சு கலா. ஆனா நான் கேட்டுத்தான் ஆகணும். வர்றவங்க எல்லாம் கடையில ஆறு கம்பி கிட்டார்தான் வாங்கிட்டு வருவாங்க. நீங்க அஞ்சு சொல்லித் தருவீங்களா, ஆறு சொல்லித் தருவீங்களா?"

நியாயமான கேள்வி. அதில கெட்ட எண்ணம் ஒண்டும் இல்லை. எனக்குத் திரும்பவும் கை கதிரைக்குப் போச்சு.

"ஆறுதான் மேடம்" எண்டா கலா. "அஞ்சு எனக்குத் தெரியும். ஆறாவதை அவையளோட சேர்ந்து பழகுவன்."

"தெரியாததை எப்படிச் சொல்லித் தருவீங்க?"

"தெரியாதெண்டு முதல் சொல்லிப்போட்டுச் சொல்லித் தருவன். நான் பிழை விடுறதைப் பார்த்தா அவைக்குப் பிழை விடுற பயம் போயிடும். எனக்கு உந்தப் பயத்தைப் போக்க ஆளில்லாமத்தான் கதவைச் சாத்திக்கொண்டு வாசிச்சனான்."

கொமிற்றி எழும்பித் தேத்தண்ணி போடுற குசினிக்குள்ள போச்சு. கதவுக்குப் பின்னால சத்தம் கேக்குது, என்ன கதைக்கினம் எண்டு விளங்கேல்லை. அம்மாமார் கலாவைச் சுத்தி நிண்டு, விரல் நோகுமோ, நகம் வளர்க்கலாமோ எண்டு கேட்டுக்கொண்டு நிண்டினம். அவ பதில் சொன்னாலும் கண் குசினிக் கதவிலதான். எனக்கு அந்தக் கதவைப் பாக்கப் பயம், நான் யன்னலைப் பார்த்தன்.

வெளிய வந்தது டொக்டர். "எங்களுக்குள்ள முழுசா ஒத்துப்போகல" எண்டு துவங்கினா. மனுசி அதை மறைக்கேல்லை பாருங்கோ, எனக்கு அவவில அண்டையில இருந்து ஒரு மரியாதை. "சர்டிபிகேட் இருக்கிறவங்கதான் வேணும்னு ஒருத்தர் சொன்னார். அதுவும் தப்பில்ல. ஆனா எங்க ஹால்ல வந்து உக்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் இருபது பேரை ஒண்ணாச் சத்தம் போட வச்சவங்க வேற யாரும் இல்ல. ஒரு டேர்ம் பார்ப்போம். அடுத்த சனிக்கிழமை வாங்க. அந்த ஆறாவது கம்பியோட வாங்க."

கலா தலையை மட்டும் ஆட்டினா. திரும்பி வாற பஸ்ஸில யன்னலோட இருந்து வெளியவே பார்த்துக்கொண்டு வந்தா. ஒருக்கா மட்டும், "அண்ணை, நீங்கள் எழும்பி வரப்போறியள் எண்டு பயந்து போனன்" எண்டா.

பிள்ளையள், திருத்துறது லேசு. பிழை எண்டு கண்ட உடன கை போகும், அது ரீச்சர்மாருக்குப் பிடிச்ச வியாதி. ஆனா சில பேருக்கு அந்தப் பிழைக்குள்ளதான் அவையின்ர பாட்டு இருக்கும். முதல் அதைக் கேட்டுப்போட்டுத் திருத்துங்கோ. ஆள் விழேக்க ஓடிப்போய்த் தூக்கவேணும் எண்டு உடம்பு பதறும். சில நேரம் ஓடத்தான் வேணும். ஆனா தூக்கினாப் பிறகு அவை ஆரா நிப்பினம் எண்டு ஒருக்கா யோசியுங்கோ. இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. மிச்சமெல்லாம் உங்கட பட்டப்படிப்பில இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குத் தேவையான புத்தகக் கட்டைக் குடுக்க நான் வால்தம்ஸ்டோவுக்குப் போனன். பிந்திப் போனன், வழமைபோல ஸ்ரேஷனை விட்டிட்டன். கதவுக் கண்ணாடிக்குள்ளால பார்த்தன். வட்டமா அம்மாமார், மடியில புதுக் கிற்றார், ஒட்டியிருந்த விலைச்சீட்டும் எடுக்கேல்லை. நடுவில கலா, ஆறு கம்பியோட. மொத்தக் கம்பியைத் தொட்டா, பிழைச்சுது. எல்லாரும் சிரிச்சினம், அவவும் சிரிச்சா. திரும்ப வைச்சா.

"ரீச்சர், விரல் நோகுது" எண்டு ஒரு அம்மா சொன்னா.

கலா நிமிரேல்லை, விரலை இடம் மாத்தி வைச்சுப் பார்த்துக்கொண்டு இருந்தா.

"ரீச்சர்" எண்டா அந்த அம்மா, கொஞ்சம் பலமா.

கலா தலையை நிமிர்த்தி, பின்னால திரும்பிக் கதவைப் பார்த்தா. வேற ஆரோ உள்ள வருகினமாக்கும், அவையைத்தான் கூப்பிடுகினம் எண்டு நினைச்சிருக்கிறா. கதவில நான்தான் நிண்டன். நான் கையை நீட்டி உங்களைத்தான் எண்டு காட்டினன். அவ என்னைப் பார்த்தா. பிறகு சாரித் தலைப்பால முகத்தைத் துடைச்சா, கிற்றாரைக் கதிரையில வைச்சா.

"எங்க, விரலைக் காட்டுங்கோ பாப்பம்" எண்டு எழும்பிப் போனா.